தண்ணீர்க் குப்பியில் ஒருவன்

கணவாய்க்கு அப்பாலிருந்து வரும் வாடகை வேன் நாரின் என்ற மலை ஊரின் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றது. ரொட்டி மூட்டை, ஆட்டுத்தோல் கட்டு, ஒரு கிழவரின் ஊன்றுகோல் எல்லாம் இறங்கிய பிறகு ஓர் இளம்பெண் இறங்கினாள். மூன்று லிட்டர் ஜாம் ஜாடி ஒன்றைச் சால்வைக்குள் சுற்றி, தூங்கும் பிள்ளையைப் போல மார்போடு அணைத்திருந்தாள். வழியெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர்கள் அதை ஜாம் என்றே நினைத்திருப்பார்கள். ஜாடிக்குள் ஃபார்மலினில் மிதந்தது அவள் கணவனின் இதயத்திலிருந்து வெட்டி எடுத்த ஒரு துண்டு.

அவள் பெயர் ஜிபெக். கூடவே வந்தவன் செத்தவனின் அண்ணன் குபாத். இருவரும் படியிறங்கி, அறைகளுக்குச் சூடு கொண்டுபோகும் குழாய்கள் முனகிக்கொண்டிருந்த அடித்தளத்துக்கு வந்து, ஆய்வுக்கூடத்தின் கதவைத் தட்டினார்கள்.

கதவைத் திறந்தவள் டாக்டர் புருல். ஐம்பதைத் தாண்டியவள். நோயுற்ற இதயங்களின் சதையில் வைரஸ் இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. அதற்கான பிசிஆர் எந்திரத்துக்காகத் தலைநகருக்கு நடையாய் நடந்து, கண்டவன் காலில் எல்லாம் விழுந்து, கடைசியில் வாங்கியே விட்டாள். அந்த மலை மாவட்டத்தில் அப்படியொன்று அதற்கு முன்பு இருந்ததில்லை. அதனால் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

"டாக்டர் எஜே, எங்க ஊர்ல பொணத்த அறுக்க விடமாட்டாங்க," என்றான் குபாத். அக்கா என்று கூப்பிடும் உரிமையோடுதான் பேசினான். "அப்பா ஒரே ஒரு நிபந்தனையிலதான் ஒத்துக்கிட்டாரு. எடுத்தது அத்தனையும் நாப்பதாம் நாளுக்குள்ள அவன்கூடவே மண்ணுக்குப் போயிடணும். உடம்புல குறை இருந்தா அவன் எங்க போவான், சொல்லுங்க?"

"ஒரு துணுக்குகூட இங்க தங்காது, தம்பி."

இதை அவள் எல்லாரிடமும் சொல்வாள். சொல்லிவிட்டு எல்லாரிடமிருந்தும் ஒரு துணுக்கு எடுத்து, மெழுகுக் கட்டிக்குள் வைத்து, இழுப்பறையில் அடுக்கிவிடுவாள். பிற்பாடு சந்தேகம் வந்தால் பார்க்க வேண்டுமே. உலகத்தில் எந்த ஆய்வுக்கூடமும் செய்கிற காரியம்தான். அதைப் போய்ப் பொய் என்று சொன்னால் அவளுக்குச் சிரிப்பு வந்திருக்கும்.

செத்தவன் ரிஸ்பெக், ஆடு மேய்ப்பவன். முதலில் சளியும் காய்ச்சலும் வந்தது. பிறகு ஒரு நாள் அடுப்பருகே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவன் எழுந்திருக்கவில்லை. சாவதற்கு முன் அவன் நச்சு வேர் ஊறிய சாராயம் குடித்திருந்தான். அந்தப் பக்கத்தில் அது கைமருந்து. சில துளிகளில் வலி போகும், கூடிவிட்டால் இதயமே நின்றுபோகும். அதைக் கலந்து கொடுத்தது மருமகள்தான் என்றாள் அவன் தாய் சோனுன். நான் கொடுக்கவில்லை என்றாள் ஜிபெக். மாவட்டத்தில் வேரின் விஷத்தைத் தேடிப் பார்க்க வசதியில்லை. விசாரணை அதிகாரி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: இதயத்தை வைரஸ் தின்றது என்று டாக்டர் சொல்லட்டும், வழக்கை மூடிவிடுகிறேன்.

ஜிபெக் ஜாடியை மேசையில் வைத்தாள், கையை மட்டும் எடுக்கவில்லை.

"கண்டுபிடிச்சிருவீங்களா, எஜே? என் புள்ளைக்கு இப்பத்தான் நடை வந்திருக்கு. அவங்க வச்சுக்குவாங்களாம், என்னைய மட்டும் அனுப்பிருவாங்களாம்."

"இருந்தா கண்டுபிடிச்சிருவேன்," என்றாள் புருல். அப்போது அவள் அதை உண்மையாகத்தான் சொன்னாள்.

*

இந்தச் சோதனையில் ஒரு வழக்கம் உண்டு. நோயாளிகளின் சதையிலிருந்து எடுத்த சாற்றைக் குப்பிகளில் வைக்கும்போது, கடைசிக் குப்பியில் வெறும் தண்ணீரை வைப்பார்கள். எந்திரம் நாற்பது சுற்று ஓடும். ஒவ்வொரு குப்பிக்கும் திரையில் இரண்டு கோடுகள். ஒன்று வைரஸுக்கு. மற்றது மனித சதைக்கு, உள்ளே இருப்பது மனிதனின் சதைதான் என்பதற்குச் சாட்சி. இருந்தால் கோடு மேலே எழும், இல்லாவிட்டால் படுத்தே கிடக்கும். தண்ணீரின் கோடுகள் இரண்டும் செத்த பாம்பாய்க் கிடக்க வேண்டும். தண்ணீரில் கோடு எழுந்தால் கூடத்தில் எங்கோ அழுக்கு ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு எந்திரம் சொன்ன எதையும் நம்பக்கூடாது.

ரிஸ்பெக்கின் குப்பி சீக்கிரமே எழுந்தது. வைரஸ் இருந்தது, சந்தேகமே இல்லை. புருல் நாற்காலியில் சாய்ந்து ஒரு பெருமூச்சு விட்டாள்.

அப்புறம், கடைசிச் சுற்றுகள் ஓடும்போது, தண்ணீரும் எழுந்தது.

இரண்டு கோடுகளும்.

"தண்ணி கெட்டுப்போச்சு போல," என்றாள் ராயா, அவளோடு கூடத்தில் வேலை செய்பவள். "நேத்து உன் தேத்தண்ணியை அதுல ஊத்திட்டியா, புருல்?"

புருல் சிரிக்கவில்லை. மறுநாள் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு மறுபடி ஓட்டினாள். மறுபடியும் தண்ணீர் எழுந்தது.

அடுத்த வாரம் தலைநகரிலிருந்து தரச் சான்றிதழ் கொடுக்கும் குழு வருவதாக இருந்தது. தண்ணீர் எழுந்த கூடத்துக்கு எவன் சான்றிதழ் கொடுப்பான்? இவ்வளவு நாள் அலைந்து வாங்கிய எந்திரத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ளத் தெரியாதவள் என்று ஊரே சிரிக்கும். அந்த நினைப்பிலேயே அவளுக்கு முகம் சுட்டது. 'சோதனை பழுது, திரும்பச் செய்ய வேண்டும்' என்று எழுதினால் ஏன் பழுது என்று கேட்பார்கள். 'வைரஸ் காணப்படவில்லை' என்று எழுதினால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

அப்படியே எழுதினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோம் என்று தெரிந்தேதான் மறைத்தாள்.

முடிவை வாங்க ஜிபெக்கே வந்தாள். குபாத் தம்பியின் ஜாடியை வாங்கிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் படியேறிப் போய்விட்டான்.

"ஒண்ணுமே இல்லையா, எஜே?"

"இல்லம்மா."

ஜிபெக் அழவில்லை. கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பையிலிருந்து துணியில் கட்டிய வறுத்த மாவுருண்டைகளை எடுத்து மேசையில் வைத்தாள். "உங்களுக்கு ரொம்பச் சிரமம் குடுத்துட்டேன்," என்றாள்.

அவள் போனபின் அந்த மூட்டையைப் பார்க்கப் புருலுக்கு வெட்கமாக இருந்தது. ராயா எடுத்து ஒன்றைக் கடித்தாள். புருலால் தொடக்கூட முடியவில்லை.

*

குழு வந்தது. அன்றைக்கு மட்டும் தண்ணீர் சமர்த்தாகப் படுத்துக் கிடந்தது. சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்கள்.

மறுநாளே ஆரம்பித்தது.

முதலில் நாற்றம். காலையில் பூட்டைத் திறந்தால் ஃபார்மலின் வாடைதான் முகத்தில் அடிக்கும். அன்றைக்கு அதற்கு மேலே வேறொன்று இருந்தது. நனைந்த கம்பளியும், குதிரை வியர்வையும், சாணி எரித்த புகையும். மழையில் நனைந்த மேய்ப்பன் ஒருவன் உள்ளே வந்து, அடுப்பைத் தேடிக்கொண்டு நிற்பது போன்ற வாசனை.

அப்புறம் சத்தம். குப்பிகளைச் சுழற்றும் சென்ட்ரிஃப்யூஜில் எதிரெதிராகச் சம எடை வைக்க வேண்டும். எடை தவறினால் எந்திரம் தட்டும். புருல் ஒரு பக்கம் நோயாளியின் குப்பியும் மறுபக்கம் தண்ணீர்க் குப்பியும் வைத்து மூடினாள். இரண்டும் ஒரே அளவு. கண்ணால் பார்த்துத்தான் வைத்தாள்.

டுக்-டுக். டுக்-டுக்.

நிறுத்தி, திறந்து பார்த்தாள். சரியாகவே இருந்தது. தராசில் வைத்துப் பார்த்தாள். தண்ணீர்தான் கனமாக இருந்தது.

கொட்டிவிட்டு முத்திரை உடைக்காத புதுத் தண்ணீர் எடுத்தாள். மருந்து போட்டு மேசை, சுவர், கதவுப்பிடி எல்லாம் கழுவினாள். கைத்தோல் உரிந்தது. முற்றத்தில் யார் காலும் படாத இடத்திலிருந்து பனியை அள்ளி உருக்கி வைத்துப் பார்த்தாள். அந்தப் பனித்தண்ணீரிலும் இரண்டு கோடுகள் எழுந்தன.

மற்ற நோயாளிகளின் குப்பிகளில் ஒன்றும் இல்லை. அழுக்கு என்றால் எல்லாவற்றிலும்தானே படியும்? இது தண்ணீரில் மட்டும் வந்து உட்கார்ந்தது. அதைவிட ஒன்று அவளைச் சில்லிட வைத்தது. முதல் நாள் கோடு எழுந்தது கடைசிச் சுற்றுகளில். இப்போது அதற்கு முன்னாலேயே எழுந்தது. அடுத்த ஓட்டத்தில் இன்னும் முன்னால். கோடு எவ்வளவு சீக்கிரம் எழுகிறதோ, உள்ளே அவ்வளவு அதிகமாக இருக்கிறது என்று பொருள்.

தொலைவில் வருகிற ஒருவன் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கிட்டே வந்துகொண்டிருந்தான்.

ராயா நடைகூடத்தில் பேய் விரட்டும் ஆர்ச்சா மரக் குச்சியைக் கொளுத்தி மூலைமூலையாகப் புகை காட்டினாள். அவளுடைய கிண்டல் எல்லாம் எங்கோ போயிருந்தது.

"புருல்," என்றாள் மெல்ல. "அந்த வைரஸ் கோட்டை விடு. இன்னொரு கோடு எதுக்கு எழுது?"

புருல் திரையை அணைக்கக் கை நீட்டினாள்.

"தண்ணிக்குள்ள மனுஷன் இருக்கான்னு எந்திரம் சொல்லுது. அதுக்கு நம்மள மாதிரிப் பொய் சொல்லத் தெரியாது."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். புருலின் நெஞ்சு குறுகுறுக்கவில்லை, இடித்தது. அவள் எழுந்துபோய் இழுப்பறையைத் திறந்தாள். மெழுகுக் கட்டிகள் வரிசையாக, வெள்ளையாக, சில்லென்று கிடந்தன. முன் வரிசையில் ரிஸ்பெக்கினுடையது. எடுத்தாள்.

கட்டி வெதுவெதுப்பாக இருந்தது.

மெழுகின் மேல் ஒரு குழி. யாரோ உள்ளிருந்து வெளியே வர, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்த மாதிரி.

"இவனோடத முழுசாத் திருப்பிக் குடுத்துட்டேன்னு சொன்னியே," என்றாள் ராயா பின்னாலிருந்து.

அந்த இடத்தில் புருலுக்குப் பேயைவிடப் பெரிய பயம் ஒன்று வந்தது. தன்னைப் பற்றிய பயம் அது. தரையைப் பார்த்து நின்று, மாவுருண்டை மூட்டையை வைத்துவிட்டுப் போன பெண்ணை நினைத்தாள். அவளைத் தன் பிள்ளையிடமிருந்து பிரித்தது வேரும் இல்லை, மாமியாரும் இல்லை. சுவரில் தொங்குகிற அந்தச் சான்றிதழ். வெட்கத்துக்குப் பயந்து செய்த வேலை இன்னும் பெரிய வெட்கமாகத் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தது.

கட்டியிலிருந்து ஒரு சீவலை மட்டும் வெட்டித் தலைநகரில் இருக்கும் பழைய தோழிக்கு அனுப்பினாள். எதற்கு என்று அவள் கேட்டபோது, மறைக்காமல் எல்லாம் சொன்னாள். சில நாள் கழித்துத் தோழி போனில் கூப்பிட்டாள்.

"இங்க தண்ணி சுத்தமா இருக்கு. சதையில வைரஸ் நிறைய இருக்கு. அந்த இதயம் ரொம்ப நாள் தாங்கியிருக்காது." சற்றுப் பொறுத்து, "நீயா இப்படிப் பண்ணே, புருல்?" என்றாள்.

*

நாற்பதாம் நாள் காலை அவள் அந்த வேனில் ஏறினாள். மெழுகுக் கட்டியை வெள்ளைத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். கணவாய் ஏறும்போது டிரைவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தான்.

"எஜே, உங்க பக்கத்துல யாராவது நனைஞ்சு வந்திருக்காங்களா? கம்பளி நாத்தம் அடிக்குது."

பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. புருல் துணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ரிஸ்பெக்கின் வீட்டு முற்றத்தில் பெரிய கொப்பரைகளில் குதிரைக்கறி கொதித்தது. ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கம்பளிக் கூடாரத்துக்குள்ளிருந்து பெண்களின் ஒப்பாரி வந்தது. வேலிக்கு வெளியே, வைக்கோல் போருக்குப் பின்னால் ஒருத்தி நின்றிருந்தாள். ஜிபெக்.

உள்ளே வர அவளுக்கு அனுமதி இல்லை. கொப்பரைகளுக்கு நடுவே தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்த பிள்ளையைத் தூரத்திலிருந்து பார்க்க வந்திருந்தாள். புருலைக் கண்டதும் சால்வையைச் சரிசெய்துகொண்டாள்.

"எஜே, நீங்களே இவ்வளவு தூரம் வந்திருக்கீங்களே," என்றாள். அந்தக் குரலில் மரியாதையைத் தவிர வேறொன்றும் இல்லை. புருலுக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை போலிருந்தது.

"என்கூட வா," என்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே நடந்தாள். ஆண்கள் எழுந்து நின்றார்கள். குபாத் குறுக்கே வந்தான். புருல் கூடார வாசலில், உள்ளேயும் வெளியேயும் கேட்கிற மாதிரி நின்றாள்.

"நான் பொய் எழுதிட்டேன்," என்றாள். "ரிஸ்பெக்கோட இதயத்துல வைரஸ் இருந்துச்சு. அது தெரிஞ்சும் இல்லைன்னு எழுதினேன். என் கூடத்துல கோளாறுன்னு தெரிஞ்சா என் பேரு போயிடும்னு பயந்து எழுதினேன். இந்தப் பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்ல. எல்லாத்தையும் திருப்பித் தரேன்னு சொன்னேன், அதுலயும் ஒரு துணுக்க வச்சுக்கிட்டேன். இதோ."

ஒருவன் மண்ணில் துப்பினான். அது அவளுக்குச் சேர வேண்டியதுதான்.

உள்ளே ஒப்பாரி நின்றிருந்தது. சோனுன் எழுந்து வாசலுக்கு வந்தாள். மகனுக்காக அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"அப்போ வேர் அவனைக் கொல்லலையா?"

"இல்ல, அபா," என்றாள் புருல், தாயைக் கூப்பிடும் சொல்லால். "வேர் இல்லாட்டியும் அந்த இதயம் நின்னிருக்கும்."

சோனுன் கூடாரக் காலைப் பிடித்துக்கொண்டாள். "வேர் குடுத்தது நான்," என்றாள். குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது, ஆனால் முற்றம் முழுக்கக் கேட்டது. "வலிக்குதும்மான்னு கேட்டான். ரெண்டு துளி கூட விட்டுட்டேன். நானே என் புள்ளைய கொன்னுட்டேன்னு நினைச்சுத்தான் இவ தலையில கட்டினேன். நான் எப்படிச் சொல்லுவேன்? நீங்களே சொல்லுங்க, நான் எப்படிச் சொல்லுவேன்?"

பிறகு அவள் குனிந்து பிள்ளையைத் தூக்கி, நிமிர்ந்து பார்க்காமலே ஜிபெக்கின் கையில் கொடுத்தாள். ஜிபெக் பிள்ளையின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

குபாத் உறைந்த மண்ணைக் கடப்பாரையால் இடித்து, கல்லறையின் ஓரத்தில் குழி தோண்டினான். வெள்ளைத் துணியை வாங்கியவன் அதைக் கை மாற்றிப் பிடித்தான்.

"சூடா இருக்கே," என்றான்.

மண் மூடியதும் காற்றிலிருந்து கம்பளி வாசனை போய்விட்டது. அவனும் புருலும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

*

புருல் தலைநகருக்கும் எழுதிவிட்டாள். சான்றிதழைக் கழற்றிக்கொண்டு போனார்கள். சுவரில் வெளிறிய ஒரு சதுரம் மிஞ்சியது. எந்திரத்தை வேறு ஊருக்குக் கொண்டுபோக வண்டி வரவிருந்தது. அதற்கு முன் கடைசியாக ஒரு தடவை, வேறெதுவும் வைக்காமல், வெறும் தண்ணீரை மட்டும் வைத்து ஓட்டினாள். அவன் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று கண்ணால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

வெளியே வெயில் பனிமேல் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. சுற்றுகள் ஓடின. வைரஸ் கோடு படுத்தே கிடந்தது. அவள் தோள்கள் தளர்ந்தன. ராயா பின்னால் நின்று தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அப்போது மற்றக் கோடு எழுந்தது.

வைரஸ் இல்லாத மனித சதை. இது அவன் இல்லை.

அறையில் வாசனை மாறியது. கம்பளி இல்லை, குதிரை இல்லை. இளஞ்சூடான பால். பிள்ளைக்குப் பால் கொடுக்கும் ஒருத்தியின் சட்டையில் வருகிற வாசனை.

ராயா கோப்பையைக் கீழே வைத்தாள். "இது யாரு, புருல்?"

புருல் யோசித்தாள். அப்படியொரு இளம் தாயின் இதயம் எப்போதோ வந்தது. வாசலில் நின்று யாரோ கெஞ்சியதும், ஒரு துணுக்குகூட இங்க தங்காது என்று தான் சொன்னதும் நினைவிருந்தது. பெயர் மட்டும் எவ்வளவு தேடியும் வரவில்லை.

மின்கம்பியைப் பிடுங்கி ஓரமாக வைத்திருந்த சென்ட்ரிஃப்யூஜ் மெதுவாகத் தட்ட ஆரம்பித்தது.

அவள் இழுப்பறையைத் திறந்தாள். வரிசை வரிசையாக அத்தனை மெழுகுக் கட்டிகளிலும் கட்டைவிரல் அளவுக்கு ஒவ்வொரு குழி விழுந்திருந்தது.